தமேநூரி பேனா: நிறம் வெளுத்துப் போகிறதா, தெளிந்து வருகிறதா?

குன்றிமணி (வேலூர்)

எல்லோருக்கும் வணக்கம். 2017 கடைசியில் என் மச்சான் டோக்கியோவிலிருந்து வரும்போது எனக்காக ஒரு நகாயா பேனா (ஜப்பானிய மைப்பேனா நிறுவனம்) வாங்கி வந்தார். எபோனைட் என்ற கெட்டி ரப்பர் உடல், மேலே உருஷி என்ற மரப்பால் பூச்சு, நிறம் அகா தமேநூரி, அதாவது அடியில் சிவப்பு, மேலே ஒளி ஊடுருவும் பழுப்பு. கைக்கு வந்த புதிதில் அதைக் கறுப்புப் பேனா என்றே சொல்லலாம். வெயிலில் திருப்பிப் பிடித்தால்தான் நாவல் பழத்தைப் பிளந்ததுபோல உள்ளே ஒரு சிவப்பு தெரியும். மூடியின் விளிம்பிலும் மரை தொடங்கும் இடத்திலும் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான்.

இன்று காலை மை நிரப்பும்போது சும்மா உற்றுப் பார்த்தேன். நூலாக இருந்த கோடு இப்போது நாடா மாதிரி அகன்றிருக்கிறது. உடலும் கறுப்பு இல்லை. கழுவித் துடைத்த புளியங்கொட்டையின் நிறம். பழைய புகைப்படத்தோடு வைத்துப் பார்த்தால் வேறு பேனாவோ என்று தோன்றுகிறது.

தினமும் எழுதும் பேனா. பகலில் சட்டைப்பையில் இருக்கும், இரவில் மேசைமேல் கிடக்கும். பூச்சு தேய்ந்துவிட்டதா, வெளுத்துவிட்டதா? திருப்பி அனுப்பிச் சரிசெய்ய வேண்டுமா? மனசு கேட்கவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

நீலவரி (சிங்கப்பூர்)

முதலில் ஒரு கேள்வி. நிறம் மாறிய இடத்தில் பளபளப்பு குறைந்திருக்கிறதா? விரல் நகத்தின் நிழலோ டியூப்லைட்டோ அதில் கூர்மையாகத் தெரிகிறதா, மங்கலாகத் தெரிகிறதா?

குன்றிமணி

கூர்மையாகத்தான் தெரிகிறது. சொல்லப்போனால் வாங்கியபோது இருந்ததைவிட ஆழமான பளபளப்பு. மேலே ஒரு கண்ணாடி, அதற்குக் கீழே நிறம் என்பது போல.

மைக்கூடு (சென்னை)

அப்படியானால் கவலையே வேண்டாம் தம்பி. உங்கள் பேனா வெளுக்கவில்லை, தெளிந்துகொண்டிருக்கிறது. முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உருஷி என்பது ஒரு மரத்தின் பால். ஜப்பானிலும் சீனாவிலும் கொரியாவிலும் வளரும் மரம். பட்டையைக் கீறினால் வெள்ளையாகக் கசியும், காற்றுப் பட்டதும் பழுப்பாகும். அந்தப் பாலில் பெரும்பங்கு உருஷியோல் என்ற எண்ணெய் போன்ற பொருள். அதற்குள் நீர் சின்னச் சின்னத் துளிகளாகக் கலந்திருக்கும். கொஞ்சம் பிசின், மிகக் கொஞ்சமாக லாக்கேஸ் என்ற நொதி.

சாதாரண பெயின்ட் காய்வது போல இது காய்வதில்லை. பெயின்டில் கரைப்பான் ஆவியாகிப் போகும், மிச்சம் இறுகும். உருஷிக்கு ஈரம் வேண்டும். பூசிய பொருளை ஏறத்தாழ 70 முதல் 80 சதவீத ஈரப்பதமும் 20, 25 டிகிரி வெப்பமும் இருக்கும் மர அலமாரிக்குள் வைத்து மூடுவார்கள். அப்போதுதான் லாக்கேஸ் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி உருஷியோலை ஒன்றோடொன்று பிணைக்கும். நம் வீட்டில் இதற்கு நெருக்கமான வேலை பால் தயிராவதுதான். மிதமான சூடு வேண்டும், உறை வேண்டும், மூடி வைக்க வேண்டும், அவசரப்படுத்தினால் கெட்டுப்போகும். உருஷிப் பாலை அளவுக்கு மேல் சுட வைத்தால் நொதி செத்துவிடும், அப்புறம் அந்த அலமாரியில் எத்தனை நாள் வைத்தாலும் இறுகாது. அதனால் "காய்ந்தது" என்பதைவிட "உறைந்தது" என்பதே இதற்குச் சரியான சொல் என்பேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உறையும்போது உருஷியோல் ஆக்சிஜனேற்றம் அடைந்து அடர்ந்த பழுப்பு நிறம் பெறுகிறது. தமேநூரியில் கீழே சிவப்புப் பூச்சு, அதன்மேல் நிறமி சேர்க்காத, ஒளி ஊடுருவும் உருஷி பல அடுக்கு. புதிதில் அந்த மேலடுக்கு கெட்டியான கருப்பட்டிப் பாகு போலிருப்பதால் கீழ்ச் சிவப்பு மறைந்துவிடுகிறது. வருடங்கள் போகப் போக அந்தப் பழுப்பு குறையும், அடுக்கு தெளியும், கீழே எப்போதும் இருந்த சிவப்பு மேலே வரும். சிவப்பு புதிதாக உண்டாகவில்லை, திரை விலகுகிறது. ஜப்பானியர்கள் இதை உருஷி "சுகு" என்பார்கள். ஊடுருவித் தெரிகிறது என்று பொருள்.

விளிம்பில் ஏன் முதலில் தெரிகிறது? நீர்மம் கூர்மையான விளிம்பில் தங்காது, பரப்பிழுவிசையால் இரு பக்கமும் விலகும். அதனால் விளிம்பில் பூச்சு மெல்லியது. மெல்லிய இடத்தில் முதல் நாளே சிவப்பு தெரியும். தெளிவு கூடக் கூட அது உள்நோக்கிப் பரவும். நீங்கள் சொன்ன "நூல் நாடாவானது" இதுதான்.

கடைசல்காரர் (திருவள்ளூர்)

ஐயா சொன்னது அத்தனையும் சரி. சொல் விஷயத்தில் மட்டும் ஒன்று சேர்க்கிறேன். போன வாரம் வேறொரு இழையில் இதை "ஜப்பானிய அரக்கு" என்று எழுதியிருந்தார்கள். நமக்கு அரக்கு என்றால் அரக்குப்பூச்சி மரக்கிளையில் வைக்கும் பிசின். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும்போது, சுழலும் மரத்தில் நிற அரக்குக் கட்டியை அழுத்தினால் உராய்கிற சூட்டிலேயே உருகி ஒட்டும். ஸ்பிரிட் பட்டால் கரையும், அடுப்புப் பக்கம் வைத்தால் இளகும். உருஷி இரண்டுக்கும் அசையாது. ஒருமுறை உறைந்துவிட்டால் திரும்ப உருகவும் செய்யாது, கரையவும் செய்யாது. வேறு பொருள், வேறு குணம். அரக்கை வைத்து உருஷியை யோசித்தால் பராமரிப்பில் தப்பு செய்வோம். அதனால் நான் உருஷி என்றே சொல்கிறேன்.

அப்புறம் குன்றிமணி, பேனாவைக் கொஞ்சமாகப் பக்கவாட்டில் சாய்த்து, கிளிப்பின் அடியில் இருக்கும் இடத்தைப் பாருங்கள். கிளிப்பை வலிந்து தூக்க வேண்டாம். மூடி மூடியிருக்கும்போது உள்ளே மறையும் மரைப் பகுதியையும் பாருங்கள். வெளிச்சம் அதிகம் படாத இடங்கள் அவை.

குன்றிமணி

பார்த்தேன் அண்ணா! கிளிப்புக்கு அடியில் கிளிப்பின் வடிவத்திலேயே கறுத்த நிழல் மாதிரி இருக்கிறது. மரைக்குக் கீழே, மூடி வந்து நிற்கும் இடத்தில் ஒரு வளையம். அதற்கு உட்பக்கம் நாவல், வெளிப்பக்கம் புளியங்கொட்டை. ஏழு வருடமாக இதைக் கவனிக்கவே இல்லை.

நீலவரி

என்னிடம் இதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. திருமணமான வருடம் நானும் அவரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு பேனா வாங்கினோம். இரண்டும் பச்சை அடிப்பூச்சு கொண்ட தமேநூரி. நான் தினமும் எழுதுகிறேன். அவர் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்துவிட்டார், வருடத்துக்கு நான்கு முறை வெளியே வரும்.

பத்து வருடம் கழித்து இரண்டையும் வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தோம். என்னுடையது விளிம்பெல்லாம் வாழைக்குருத்துப் பச்சை, நடுவில் பாசி நிறம். அவருடையதும் முதல் நாள் படத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் தெளிந்துதான் இருக்கிறது, ஆனால் இன்னும் அடர்ந்த பழுப்புக்குள் பச்சை ஒளிந்திருக்கிறது. பெட்டிக்குள் கிடந்தாலும் மாற்றம் நிற்கவில்லை, வெளிச்சத்தில் இருந்தது வேகமாக மாறியது. எங்கள் இரண்டு பேனாவில் கண்டது இவ்வளவு.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது விரல் பிடிக்கும் இடம். அங்கே பளபளப்பு தனியாக இருக்கிறது. துணியால் துடைத்து வராத பளபளப்பு.

யாழ்ப்பேனா (டொராண்டோ)

நல்ல இழை. எனக்கு ஒரு பயம் கனகாலமாக இருக்கிறது. இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் வீட்டுக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். உதடே வெடிக்கும். உருஷிக்கு ஈரம் வேண்டும் என்கிறீர்கள். என்னுடைய பேனா வெடித்துப்போகுமா? பெட்டிக்குள் ஈரத்துணி வைக்கலாமோ?

கடைசல்காரர்

ஈரத்துணி வேண்டாம் அண்ணா. உறைவதற்குத்தான் அந்த ஈரம். உறைந்த பிறகு பயம் பூச்சுக்கு இல்லை, உள்ளே இருக்கும் பொருளுக்கு. மரக்கிண்ணம், மரப்பெட்டி என்றால் வறட்சியில் மரம் சுருங்கும், பூச்சு அதோடு சுருங்க முடியாமல் கீறல் விடும். உங்கள் பேனா எபோனைட் என்றால் அது ரப்பரும் கந்தகமும் சேர்த்துச் சுட்ட கட்டி, மரம் மாதிரி ஈரம் குடித்து உப்பி, வற்றிச் சுருங்கும் சாதி இல்லை. ஹீட்டருக்கு நேர் மேலே வைக்காதீர்கள், அது போதும். மரத்தில் கடைந்த உருஷிப் பேனா என்றால் மட்டும் கவனம்.

சென்னைக்காரர்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. மழைக்காலத்தில் மூடிய பெட்டியில் பூஞ்சை வரும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, இரண்டு நாள் பெட்டியைத் திறந்து வைத்தால் போய்விடும்.

செங்காந்தள் (கோவை)

எல்லோரும் மாற்றத்தைக் கொண்டாடுகிறீர்கள், எனக்கும் ஆசைதான். ஆனால் நான் இரண்டாம் கையாக வாங்கிய ஒரு பேனாவின் கதை வேறு. கறுப்பு உருஷி. ஒரு பக்கம் மட்டும் சாம்பல் பூத்து, சொரசொரப்பாக, பளபளப்பே இல்லாமல் இருக்கிறது. திருப்பினால் மறுபக்கம் அருமையான கறுப்பு. விற்றவர் "இது வயதின் அழகு, போகப் போக இன்னும் நன்றாக வரும்" என்றார். நான் நம்பி வாங்கினேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது, ஒன்றும் நன்றாக வரவில்லை. இதுவும் தெளிவதுதானா?

மைக்கூடு

இல்லை அம்மா. அது வெயில் தின்ற இடம். உங்களிடம் சொன்னது தவறு. இப்படிச் சொல்லி விற்பது எனக்கு நிஜமாகவே கோபம் வரும் விஷயம்.

உருஷிக்கு அமிலம், காரம், சாராயம், தண்ணீர் எதுவும் பெரிய எதிரி இல்லை. ஒரே எதிரி புற ஊதாக் கதிர். அது மேற்பரப்பில் இருக்கும் பிணைப்புகளை அறுத்துவிடும். முதலில் பளபளப்பு போகும், பிறகு வெளுக்கும், பிறகு நுண்ணிய வெடிப்பு விழும், கடைசியில் துடைத்தால் தூளாக வரும். யாரோ அந்தப் பேனாவை ஜன்னலோரம் ஒரே நிலையில் வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். வெயில் பட்ட பக்கம் போயிற்று.

இதை விளங்கிக்கொள்ள இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹொக்கைடோவின் ஹகொதாத்தே அருகே ககினொஷிமா என்ற தொல்லியல் தளத்தில் கிடைத்த உருஷிப் பூச்சுள்ள அணிகள் சுமார் 9000 வருடம் பழையவை என்கிறார்கள். ஈர மண்ணுக்குள், இருட்டில் கிடந்தவை. கியோத்தோவில் கின்ககுஜி, அந்தத் தங்க மாளிகை, தீயில் அழிந்த பிறகு 1955இல் திரும்பக் கட்டப்பட்டது. தங்கத் தகட்டுக்கு அடியில் உருஷி. தகடு மிக மெல்லியதாக இருந்ததால் வெயில் ஊடுருவி உருஷி கெட்டு, தங்கம் உரியத் தொடங்கியது. 1986, 87இல் ஐந்து மடங்கு தடிமனான தகட்டை வைத்துத் திரும்பச் செய்தார்கள். மண்ணுக்குள் ஆயிரமாயிரம் வருடம் தாங்கிய பொருள் வெயிலில் சில பத்து வருடம் தாங்கவில்லை.

அதனால் மூன்று மாற்றங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தெளிவது ஒன்று, வெயிலில் சாவது ஒன்று, கையால் தேய்வது ஒன்று. தெளிந்த இடத்தில் பளபளப்பு இருக்கும். நீலவரி முதலிலேயே கேட்ட கேள்வி அதனால்தான் சரியான கேள்வி.

செங்காந்தள்

நன்றி ஐயா. வருத்தம்தான், ஆனால் தெரிந்துகொண்டது நல்லது. இதைச் சரிசெய்ய முடியுமா?

நிப்போன்வாசி (ஒசாகா)

முடியும். கெட்ட மேலடுக்கை நீர்விட்டுத் தேய்த்து எடுத்து, புது உருஷி பூசி, உறையவைத்து, மெருகேற்றுவார்கள். உருஷியின் பெரிய நன்மை அது. பழையதன் மேல் புதியது நன்றாகப் பிடிக்கும். நிக்கோவில் இருக்கும் தோஷோகு கோயிலின் யோமெய் வாசலை 2017இல் புதுப்பித்து முடித்தபோது நேரில் போய்ப் பார்த்தேன். வெளியே வெயிலும் மழையும் படும் உருஷி. தலைமுறைக்குத் தலைமுறை திரும்பப் பூசிக்கொண்டே வருகிறார்கள். வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல அது அவர்களுக்கு நடைமுறை.

இங்கே பதினான்கு வருடமாக இருக்கிறேன். உருஷி வேலை செய்பவர் ஒருவரின் பட்டறைக்கு வார இறுதிகளில் போய்ப் பார்த்து வருகிறேன். ஒவ்வொரு நிறமும் எப்படி மூப்படைகிறது என்று அங்கே பார்த்ததை எழுதுகிறேன்.

சிவப்பு. பாதரசச் சிந்தூரம் கலந்த சிவப்பு புதிதில் மந்தமாக, பழைய செங்கல் மாதிரி இருக்கும். சிந்தூரம் மந்தமில்லை, அதைச் சுற்றியிருக்கும் உருஷி பழுப்பு. அது தெளியத் தெளிய சிவப்பு எழும்பும். அவர் வாடிக்கையாளரிடம் "ஒரு வருடம் பொறுத்து இந்த நிறத்தைப் பாருங்கள்" என்று சொல்லித்தான் கொடுப்பார்.

வெள்ளை. உருஷியில் சுத்த வெள்ளை கிடையவே கிடையாது. டைட்டானியம் வெள்ளை கலந்தாலும் பழுப்புப் பாலில்தானே கலக்கிறோம்? புதிதில் பால் தூக்கலான டீ நிறம். வருடங்களில் யானைத் தந்தம் வரை வரும். இளநீலம், இளம்பச்சை எல்லாமே இப்படித்தான், முதலில் அழுக்கேறியது போலிருந்து பிறகு துலங்கும்.

கறுப்பு. இது வேறு கதை. உயர்ந்த கறுப்பு உருஷியில் கரி போடுவதில்லை. இரும்பைச் சேர்க்கிறார்கள், இரும்பு உருஷியோலோடு வினைபுரிந்து பால் முழுவதுமே கறுக்கும். அதனால்தான் அந்தக் கறுப்புக்கு ஆழம். ஆனால் நீண்ட காலத்தில் அதுவும் கொஞ்சம் தெளிந்து, வெளிச்சத்தில் மெல்லிய பழுப்பு காட்டும். பழைய கறுப்புக் கிண்ணங்களின் விளிம்பில் இதைப் பார்க்கலாம். வேகம் மிகக் குறைவு, ஒரு பேனாவில் ஒருவர் வாழ்நாளில் பெரிதாகத் தெரியாது.

தங்கம், வெள்ளி. மாகியே வேலையில் ஈர உருஷியால் வரைந்து, அதன்மேல் உலோகத் தூளைத் தூவுவார்கள். தங்கத் தூள் மாறாது. ஆனால் தங்கத்தின் மேல் தெளிந்த உருஷி பூசியிருந்தால் அது வருடா வருடம் ஒளி கூடும். அந்தப் பூச்சுக்கே சந்தன நிறம் என்ற பொருளில்தான் பெயர், பியாகுதான். வெள்ளித் தூள் கறுக்கும். நிலவை வெள்ளியில் வரைந்த பேனாவில் பத்து வருடத்தில் நிலவு சாம்பல் நிறமாகிவிடும். தேய்த்து வெளுக்க நினைக்காதீர்கள். தூள் அடுக்கு மிக மெல்லியது, பாலிஷ் போட்டால் நிலவே போய்விடும்.

கடைசல்காரர்

வெள்ளி கறுப்பதில் கந்தகத்துக்குப் பங்கு உண்டு. ரப்பர் வளையம் போட்டுப் பேனாக்களைக் கட்டி வைப்பவர்கள் இன்றே அவிழ்த்துவிடுங்கள்.

கந்தகம் என்றதும் நினைவு வந்தது, பேனாவுக்கு உருஷி எப்படி வந்தது என்ற கதையும் இதே மாற்றத்தைப் பற்றியதுதான். நான் எபோனைட் கடைபவன், அதன் பலவீனம் தெரியும். வெளிச்சமும் ஈரமும் பட்டால் மேற்பரப்புக் கந்தகம் ஆக்சிஜனேற்றம் அடைந்து கறுப்பு எபோனைட் ஆலிவ் பச்சையாகவும் பழுப்பாகவும் மங்கிப்போகும். பழைய பேனா வைத்திருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1918இல் ரியோசுகே நமிக்கியும் மசாவோ வாதாவும் தொடங்கிய நிறுவனம், இன்றைய பைலட், இதற்கு வழி தேடியது. 1920களின் நடுவில் எபோனைட்டின் மேல் உருஷி பூசும் முறையைக் கொண்டுவந்தார்கள். அலங்காரம் பிறகு வந்தது. 1930இல் லண்டன் டன்ஹில் நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி, டன்ஹில் நமிக்கி என்ற பெயரில் மாகியே பேனாக்கள் ஐரோப்பாவுக்குப் போயின. கொன்ரொகு மத்சுதா போன்ற பெரிய கலைஞர்கள் அதில் வேலை செய்தார்கள். ஆனால் தொடக்கம் இதுதான்: நிறம் மாறாமல் இருக்கப் பூசிய பூச்சு. நூறு வருடம் கழித்து அந்தப் பூச்சின் நிறம் மாறுவதை நாம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

யாழ்ப்பேனா

அந்தக் காலத்துப் பேனா ஒன்றை ஒரு கண்காட்சியில் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். வெளியே கறுப்பு அப்படியே கிடந்தது. பேந்து மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால், பூச்சு இல்லாத இடத்தில் எபோனைட் பழுப்பாகிப் போயிருந்தது. நீங்கள் சொன்னது இப்பதான் விளங்குகிறது.

பண்ருட்டிக்காரன்

குறுக்கே ஒன்று கேட்கலாமா? உருஷி தோலில் பட்டால் கொப்புளம் வரும் என்று படித்தேன். எங்கள் வீட்டில் முந்திரித் தொழில். சுட்ட கொட்டையை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள், இல்லாவிட்டால் தோட்டின் எண்ணெய் பட்டுத் தோல் உரிந்துவிடும். அதே சங்கதியா?

மைக்கூடு

அதே குடும்பம்தான். மா, முந்திரி, சேராங்கொட்டை, உருஷி மரம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். முந்திரித் தோட்டு எண்ணெயில் இருக்கும் பொருள்கள் உருஷியோலுக்கு உறவு. சேராங்கொட்டை இன்னும் நெருக்கம். வண்ணார் துணிக்குக் குறி போடுவது எப்படி? கொட்டையில் ஊசியைக் குத்திச் சாற்றால் புள்ளி வைப்பார்கள். வைக்கும்போது வெளிர்பழுப்பு, காற்றுப் பட்டுக் கறுத்துவிடும், எத்தனை வெளுப்பிலும் போகாது. மரச்சாறு காற்றை வாங்கிக் கறுத்து நிலைத்துப்போவது, உருஷியில் நடக்கும் அதே மாதிரி வேலை. ஜப்பானில் முந்திரித் தோட்டு எண்ணெயிலிருந்து செய்யும் ஒரு பூச்சும் உண்டு, காஷ்யூ என்றே பெயர். உருஷிக்கு மாற்றாக மலிவான பொருட்களில் பயன்படுகிறது.

முழுக்க உறைந்த உருஷி பொதுவாக ஒன்றும் செய்யாது. ஆனால் புதுப் பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் உள்ளே பல மாதம், சில வருடம் கூட, பிணைப்பு நடந்துகொண்டே இருக்கும். உங்கள் வீட்டில் முந்திரி எண்ணெய் ஒவ்வாத ஆட்கள் இருந்தால், புத்தம்புது உருஷிப் பேனாவைக் கொஞ்ச காலம் பொறுத்துத் தரலாம்.

நிப்போன்வாசி

அதற்கு மூக்கே போதும். புது உருஷிப் பெட்டியைத் திறந்தால் லேசாகப் புளித்த வாசனை வரும், காடி மாதிரி. சில மாதத்தில் போய்விடும். அந்த வாசனை இருக்கும் வரை பேனா இளசு, கீறலும் சீக்கிரம் விழும். பட்டறையில் அவர் முதல் வருடம் மெதுவாகக் கையாளச் சொல்வார், பிறகு கண்டபடி எழுதச் சொல்வார்.

செங்காந்தள்

மூன்றாவதாக மைக்கூடு ஐயா சொன்னது தேய்வது. அதைப் பற்றி யாரும் எழுதவில்லையே? தேய்ந்தால் அது கெட்டதா, நல்லதா?

நிப்போன்வாசி

எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு. கை தேய்த்த தேய்வு நல்லது, கருவி தேய்த்த தேய்வு கெட்டது.

வகயாமாவில் நெகோரோ என்ற கோயில். நடுக்காலத்தில் அங்கிருந்த துறவிகள் தங்கள் புழக்கத்துக்குக் கிண்ணங்களும் தட்டுகளும் செய்தார்கள். கீழே கறுப்பு, மேலே சிவப்பு. தினமும் எடுத்து, கழுவி, துடைத்து, சிவப்பு தேய்ந்து கறுப்பு எட்டிப்பார்த்தது. 1585இல் ஹிதேயோஷி என்ற படைத்தலைவர் படையெடுத்து அந்தக் கோயிலின் பெரும்பகுதியை அழித்தார். கிண்ணங்கள் எஞ்சி, அந்தத் தேய்வுக்காகவே மதிக்கப்பட்டன. இன்று நெகோரோ என்ற பெயரில் வரும் பேனாக்களில் பலவற்றில் மேல் சிவப்பை வேண்டுமென்றே இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேய்த்துக் கறுப்பைக் காட்டித் தருகிறார்கள். நான் தேய்க்காததைத்தான் வாங்கினேன். ஆறு வருடமாக எழுதுகிறேன், பெருவிரல் வந்து உட்காரும் இடத்தில், மரைக்கு ஓரமாக, எள்ளளவு கறுப்பு தெரியத் தொடங்கியிருக்கிறது. என் விரல் எங்கே படுகிறதோ அங்கேதான், வேறெங்கும் இல்லை.

மூடியைப் பின்பக்கம் செருகி எழுதினால் விழும் வட்டக் கீறல், சாவியோடு பையில் போட்டதில் வரும் கோடு, இதெல்லாம் வெறும் காயம். உருஷிப் பேனாவில் மூடியைப் பின்னால் செருகாதீர்கள்.

கடைசல்காரர்

வெந்நீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடைத்துப்போன நிப்பைக் கழற்ற, ஒரு பழுதுபார்ப்பவர் என் நண்பரின் பேனாவைக் கழுத்துவரை வெந்நீரில் ஊறவைத்தார். உருஷி தப்பியது. பூச்சு முடியும் உதட்டில் மட்டும், ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு, எபோனைட் பழுப்பேறிவிட்டது. இன்று அந்தப் பேனாவைத் திறந்தால் கண் நேராக அந்த வளையத்துக்குத்தான் போகிறது. குளிர்ந்த தண்ணீர், பொறுமை, இரவு முழுக்க ஊறல். நிப்பு வைத்த பிடியை மட்டும், உடலை வேண்டாம். அல்ட்ராசானிக் தொட்டியில் போடவே கூடாது.

நீலவரி

2024 ஜனவரி 1 நோத்தோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, உருஷி வேலைக்குப் பேர்போன வாஜிமா ஊர் எப்படி இருக்கிறது, நிப்போன்வாசி? நகாயா பேனாக்களில் வாஜிமா கலைஞர்கள் கைவைத்த வேலை உண்டே.

நிப்போன்வாசி

காலைச் சந்தைத் தெருவின் பெரும்பகுதி எரிந்துபோனது எல்லோருக்கும் தெரியும். பட்டறைகளும் கருவிகளும் பாதி பூசிய பொருட்களும் பலருக்குப் போய்விட்டன. உருஷி வேலையில் பாதி பூசியது என்றால் பல மாத உழைப்பு. ஒரு அடுக்கு பூசி, உறையவைத்து, தேய்த்து, மறு அடுக்கு. ஒரு மரம் பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்து, ஒரு பருவம் முழுக்கக் கீறி எடுத்தால் கிடைப்பது சுமார் 200 கிராம் பால், பிறகு மரத்தை வெட்டிவிடுவார்கள். அப்படி வந்த பொருள் அது. திரும்ப வேலையைத் தொடங்கியவர்களிடம் நான் சின்னதாக ஒன்று வாங்கினேன். அதைப் பற்றி இன்னும் எழுத மனம் வரவில்லை.

குன்றிமணி

ஒரு கேள்வி கேட்டேன், இவ்வளவு கிடைத்தது. எல்லோருக்கும் நன்றி. பேனாவை அனுப்பவில்லை. ஜன்னலோரத்திலிருந்து மேசையின் உள்பக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. மூடியின் முனையில், போன வருடம் கீழே விழுந்ததில், அரிசி நுனி அளவுக்குப் பூச்சு பெயர்ந்து எபோனைட் தெரிகிறது. மச்சான் மார்ச்சில் மறுபடி ஜப்பான் போகிறார். அந்த இடத்தை மட்டும் பூசித் தருவார்களா?

நிப்போன்வாசி

தருவார்கள், கொடுத்தனுப்புங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டே கொடுங்கள். பட்டறையில் இப்படி ஒட்டுப் பூசிய பேனா ஒன்றைப் பார்த்தேன். புதுப் பூச்சு புதுப் பூச்சுதான், அது கறுத்துத்தான் இருக்கும். உங்கள் புளியங்கொட்டை நிறத்தில் அந்த அரிசி நுனி மட்டும் நாவல் நிறத்தில் உட்கார்ந்திருக்கும். நிறத்தைச் சேர்த்துக் கலந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்று பொருந்துவதாகக் கலந்தால், அது தெளியும்போது உங்கள் பேனாவைவிட வெளிறிப் போகும். அதே பழைய முறையில், அதே உருஷியில் பூசச் சொல்லுங்கள். இப்போது தனியாகத் தெரியும். ஐந்தாறு வருடத்தில் தேட வேண்டியிருக்கும்.

குன்றிமணி

அப்படியே சொல்லிவிடுகிறேன். பூசி வந்ததும் படம் போடுகிறேன்.